அன்று தானாக வந்த மீன்

எங்கள் கொல்லைக் குளத்தில் அந்தக் காலத்தில் யாரும் மீன் விட்டதில்லை. மேட்டூர் திறந்து ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் கூடவே வந்துவிடும். கோடையில் வற்றியதும் தெருவே இறங்கிப் பிடிக்கும். தாத்தா செய்த சோதனை ஒன்றே ஒன்று. படியில் குந்தி, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விடுவார். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் "தண்ணி நல்லாருக்கு" என்பார். பளிச்சென்று தெரிந்தால், சாணம் கலக்கட்டும் என்று மாடுகளை அங்கேயே குளிப்பாட்டச் சொல்வார்.

இன்று அதே குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். ஆற்றிலிருந்து அள்ளி வந்துகொண்டிருந்த இவற்றின் குஞ்சுகளைப் பண்ணையிலேயே பொரிக்க வைக்கலாம் என்று 1957-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் காட்டினார்கள். அதனால் இப்போது பிராணவாயு அடைத்த பாலித்தீன் பையில் குஞ்சு வீடு தேடி வருகிறது.

தண்ணீர்தான் அன்றைய தண்ணீர் இல்லை. வயலுக்குப் போட்ட யூரியாவும் அடித்த பூச்சிமருந்தும் மழையோடு குளத்தில் இறங்குகின்றன. அதனால் அளக்காமல் குஞ்சு விடுவதில்லை. பி.எச். 7.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும், குறைந்தால் சுண்ணாம்பு. கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். அதை நண்பகலில் அளந்து பயனில்லை. வெயிலில் பிராணவாயுவைக் கொடுக்கும் பாசியே இரவெல்லாம் அதை எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் குளம் தன் உண்மை நிலையைக் காட்டும். கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன். அது 30-லிருந்து 40 செ.மீ. ஆழத்துக்குள் கண்ணுக்கு மறைந்தால் சரி. தாத்தாவின் முழங்கைக் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான்.

அன்று விரால் கிடைத்தால் வீட்டில் விருந்து. இன்று முதலில் வெளியேற்ற வேண்டியதே விரால்தான்; குஞ்சுகளைத் தின்றுவிடும். குளத்தை வற்றவைக்க முடியாதவர்கள் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, நஞ்சு முறிய மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

குட்டை வெட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: குஞ்சுக்குப் பணம் கட்டுமுன் ஒரு நாள் விடியுமுன் எழுந்து தண்ணீரை அளந்து பாருங்கள். பிறகு பத்துக் குஞ்சை வலைக்கூண்டில் கட்டித் தண்ணீரில் ஒரு நாள் வைத்திருங்கள். அவை பிழைத்தால் மற்றதை விடுங்கள்.