பி.எச்.டி. காக்கும் இலிகிதர்

கேள்வி: மருத்துவர் நோயைப் பார்க்கிறார், தாதி நோயாளியைப் பார்க்கிறார், வைத்தியசாலை விடுதியில் இலிகிதர் எதைப் பார்க்கிறார்?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: அவ்விருவரும் பார்த்தார்கள் என்பதற்கான சான்றைப் பார்க்கிறார். இலங்கை அரச வைத்தியசாலைகளில் நோயாளி விடுதியில் சேர்ந்ததும் திறக்கப்படும் கட்டில் சீட்டில் நோய் வரலாறு, மருந்து, பரிசோதனை முடிவு யாவும் பதிவாகின்றன. அதன் ஆங்கிலச் சுருக்கம் தமிழெழுத்தில் கலாநிதிப் பட்டத்தைப் போலவே 'பி.எச்.டி.' என அமைவதால், ஓரிரவுக் காய்ச்சல்காரரும் அதைப் பெற்றுவிடுகிறார். ஆயினும் வீடு திரும்புகையில் அவர் கைக்கு வருவது நோய்நிர்ணய அட்டை மட்டுமே, 'பட்டம்' பதிவறைக்குப் போய்விடும்.

அச்சீட்டுகளிலிருந்தே காலாண்டுதோறும் நோய், இறப்பு விவரத் திரட்டு உருவாகிச் சுகாதார அமைச்சுக்குச் செல்கிறது. டெங்கு என்று ஐயம் எழுந்தால், தொற்றுநோயை அறிவிக்கும் 'எச் 544' படிவம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டு வாசலுக்கு வருகிறார்; ஆகவே நுளம்பின் முதல் எதிரி புகையன்று, காகிதமே. தனி இலிகிதர் இல்லாத சிறு வைத்தியசாலைகளில் இச்சுமையும் தாதியர் தோளிலேயே ஏறுகிறது.

கோயில் தொழும்புகளை, அதாவது இன்னார் செய்ய வேண்டிய இன்ன பணி என்பதை, வரையறுக்கும் 'கோணேசர் கல்வெட்டு' பெயரில் கல்லைக் கொண்டிருந்தாலும் எழுதப்பட்டது ஏட்டிலேயே என்பதை அறிந்த திருகோணமலை மாவட்டத்தவருக்கு, எழுதிவைப்பவரின் அருமையை விளக்க வேண்டியதில்லை.