எங்கே நின்று, எப்போது சொன்னது?

கேள்வி: சொல்லின் பொருள்தான் அகராதியில் இருக்கிறதே, இடமும் காலமும் எதற்கு?

பதில்: "நான் இங்கதான் நிக்கிறேன், இப்பவே வா" என்று கைப்பேசியில் கூப்பிட்டவரைக் கோயம்பேட்டில் தேடிப் பாருங்கள். எல்லாச் சொல்லும் புரியும், ஆள் கிடைக்கமாட்டார்.

கேள்வி: மொழி ஆய்வாளர்களுக்கு இது எப்போது உறைத்தது?

பதில்: முதல் உலகப் போர்க் காலத்தில் டிராப்ரியண்ட் தீவுகளில் தங்கிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, படகோட்டிகளின் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பார்த்தார், விளங்கவில்லை. பேச்சு பிறந்த சூழலை அறியாமல் பொருள் இல்லை என்று 1923-இல் எழுதினார். எழுத்தறியா மக்களின் மொழிக்கே இது சிறப்பாகப் பொருந்தும் என்று அப்போது நினைத்தவர், 1935-இல் எல்லா மொழிக்கும் பொது என்று திருத்திக்கொண்டார். முதலில் கண்டதைவிட இந்தத் திருத்தமே பெரிது என்பேன்.

கேள்வி: இடம் வெறும் பின்னணிதானே?

பதில்: ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் கூகு யிமிதிர் மொழிக்காரர்களைக் கேளுங்கள். பொருள் இருக்கும் இடத்தை அவர்கள் மரபாக இடம், வலம் என்று சொல்வதில்லை, கிழக்கு, மேற்குதான். படகு கவிழ்ந்த கதையை ஒரு முதியவர் சொல்ல, 1980-இல் மொழி ஆய்வாளர் ஜான் ஹாவிலண்ட் படம்பிடித்தார். அதே கதையை 1982-இல் இன்னொரு மொழி ஆய்வாளர் ஸ்டீபன் லெவின்சன் படம்பிடித்தார். முதல்முறை முதியவர் மேற்கு நோக்கி உட்கார்ந்திருந்தார். படகு புரண்டதைக் காட்டிய கை முன்னோக்கிப் போனது. அடுத்தமுறை வடக்கு நோக்கி. கை வலமிருந்து இடமாகப் போனது. இரண்டிலும் படகு கிழக்கிலிருந்து மேற்காகவே கவிழ்ந்தது! ஒலிப்பதிவு மட்டும் இருந்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

கேள்வி: நம்மூரில்?

பதில்: "கெழக்கால தள்ளி வை" என்று நம் கிராமத்தாரும் சொல்வார்களே. தமிழ்நாட்டில் ஆய்ந்த எரிக் பெடர்சன், கிராமத்தவர் திசையையும் நகரத்தவர் இடம்-வலத்தையும் நாடுவதைக் கண்டார். ஒரே மொழிதான், ஊர்தான் வேறு.

கேள்வி: தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டது என்கிறார்களே?

பதில்: நிலத்தையும் பொழுதையும் அது முதற்பொருள் என்றது, செய்யுளுக்காக. அந்தப் பெருமையே போதும். நவீன மொழியியலை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்ய ஆசை. எப்படி?

பதில்: கூடத்து நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். நாற்று நடும்போதோ முறத்தில் புடைக்கும்போதோ பேசட்டும். கையும் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஊர், தேதி, நேரம், அவர் பார்த்திருந்த திசை, எதிரே இருந்தவர் யார் யார் என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். அடுத்த மாதம் என்று தள்ளிப்போடாதீர்கள்.