பின்னால் வந்த முதலாளி

ஆடி மாதத்தில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள், அதனால் விலை படியும் என்று என் மச்சினன் ஒரு கணக்குப் போட்டான். 2012 ஆடியில் சங்ககிரியில் ஒரு பழைய லாரியை வாங்கினோம். 1997 மாடல். விலை படிந்தது. என்ஜின்தான் படியவில்லை.

விற்றுக்கொடுத்த புரோக்கர் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். என்ஜின், "ஒரு தட்டுத் தட்டுனா எந்திரிச்சிருமுங்க." டயர், "இன்னும் ஒரு டெல்லி நடை தாங்குமுங்க." ஹாரன், "அடிச்சா ஊரே ஒதுங்குமுங்க." பணம் கைமாறிய மறுநாள் போய் என்ஜினைத் தட்டினோம். எந்திரிக்கவில்லை. நாமக்கல்லில் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டால் போதும் என்றான் மச்சினன். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தூக்கி ஏற்றிப் போகிற வண்டிக்கு வாடகை கேட்டோம். லாரியின் விலை மறுபடி ஞாபகத்துக்கு வந்ததால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம்.

"கயிறு கட்டி இழுத்துரலாம் மாமா" என்றான். நாமக்கல்லிலிருந்து கூட்டி வந்திருந்த மேஸ்திரி அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. காலி லாரியே 5 டன்னுக்குக் குறையாது. முன்வண்டி பிரேக் போட்டால் கயிறு தொய்யும், பின்வண்டி போய் முட்டும். முன்வண்டி கிளம்பினால் கயிறு விண்ணென்று இழுபட்டு அறுந்து, கண்ணாடியைப் பார்த்து வரும். "கம்பிதானுங்க" என்றார். இரண்டு பக்கமும் பின் போட்டுப் பூட்டுகிற இரும்புத் தண்டு, அதற்குத் துணையாகச் சங்கிலி. தண்டு இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். தொய்வு என்பதே கிடையாது.

அடுத்து வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கிற புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றினார். நியூட்ரலில் போட்டால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். சக்கரம் உருண்டால் கியர் பாக்ஸின் மெயின் ஷாப்ட் சுற்றும். என்ஜின் நின்றிருப்பதால் கீழே எண்ணெயில் கிடக்கிற லே ஷாப்ட் சுற்றாது. எண்ணெயை மேலே வாரி அடிப்பதே அதுதான். 50 கிலோமீட்டர் வறட்டுச் சுற்றுச் சுற்றினால் என்ஜினோடு கியர் பாக்ஸும் புதிதாக வாங்கலாம். நான் பதிலுக்குப் பேசாமல் கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கினேன்.

பிரேக் சமாசாரம் இன்னும் விநோதம். பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக், காற்று இருந்தால்தான் விடும்; காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் போய்ப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் ஓடாத வண்டிக்குக் காற்று ஏது? முன்வண்டியிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து எங்கள் வண்டியின் ஏர் டேங்குக்குக் கொடுத்தார். டயலில் முள் மெல்ல ஏறியது. கடைசியில் பின்சக்கரம் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. அந்த லாரி எனக்குக் கொடுத்த முதல் பதில் அது.

அப்புறம் சட்டம். அன்று நடப்பிலிருந்த 1989 சாலை விதிமுறைகளின்படி, இழுத்துப் போகிற வண்டி மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி ஆகாது. பின்வண்டியின் முதுகில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுத வேண்டும்; எழுத்து 75 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். எழுதிக்கொடுத்த பெயின்டர் தம்பி, "ஆன் டோங்கறது டிரான்ஸ்போர்ட் பேருங்களாண்ணா?" என்று கேட்டான். பின்வண்டியின் டிரைவர் சீட்டில், அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபத்தைந்து வயதில் ஒரு வேகத்தில் ஹெவி லைசென்ஸ் எடுத்தவன் நான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தது தவிர, அதை வைத்து வேறு எதுவும் செய்ததில்லை. மச்சினன் முன்வண்டியை ஓட்ட வேண்டும். மேஸ்திரியின் லைசென்ஸ் காலாவதியாகி அதன் காகிதமே மக்கியிருந்தது. ஆக, சட்டப்படி அந்த சீட்டுக்குத் தகுதியானவன் நான் ஒருவன்தான்.

"நீங்க பிரேக்கத் தொடவே வேண்டாமுங்க. முன்னால இருக்கறவன் பாத்துக்குவான். கம்பி அந்து போனா மட்டும் மிதிங்க" என்றார் மேஸ்திரி. சைகையும் பேசிக்கொண்டோம். நான் ஒரு ஹாரன் அடித்தால் 'மெதுவாகப் போ'. இரண்டு அடித்தால் 'நிறுத்து'. பின்விளக்குக்காகவும் ஹாரனுக்காகவும் ஒரு பேட்டரியை இரவல் வாங்கி மாட்டினோம்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். லாரி முதலாளியாக நான் போன முதல் பயணம். கால் மிதிக்கக் கூடாது, கை கியரைத் தொடக் கூடாது. ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு முன்வண்டியின் தடத்திலேயே போக வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. தோள்பட்டை என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. காட்சி என்று பார்த்தால், முன்லாரியின் பின்பலகை. அதில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரை வரைந்திருந்தது. இரண்டரை மணி நேரம் அதை வாசித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் மச்சினனை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். ஊரில் புல்லட்டைப் பறக்கவிடுகிறவன், ஒவ்வொரு வளைவிலும் மறக்காமல் ஹாரன் அடித்தான். அடித்ததோடு வேகத்தையும் குறைத்தான். திருச்செங்கோடு மலையைச் சுற்றி ஊருக்குள் நுழைகையில் ஒரு ரவுண்டானாவில் விடாமல் அடித்தான். வண்டி அப்படியே நின்றுவிட்டது. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அக்காள் புருஷன் பின்னால் இருக்கிறான் என்ற அக்கறை. அக்காள் பட்ட பாடு வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

ஊர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். மேஸ்திரி டீயைத் தொடாமல் முதலில் ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். எங்காவது சுட்டால் பிரேக் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஜுரம் பார்க்கிற டாக்டர் மாதிரிதான் இருந்தது. எதுவும் சுடவில்லை. மச்சினன் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒண்ணுமில்ல மாமா, டீ குடிங்க" என்று கூட ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தான். அவன் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தது அதுவரை நடந்ததில்லை.

நாமக்கல் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லா ஓட்டுனப்பா. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சு, மெதுவா..."

"நான் எங்க மாமா அடிச்சேன்? நீங்கதான் வளைவு வந்தாலே பயந்து பயந்து அடிச்சீங்க. ரவுண்டானால நிறுத்தியே ஆகணும்னு அடிச்சீங்க. சரி, மனுஷனுக்கு நெஞ்சு கிஞ்சு அடைச்சிருக்கும்னுதான் வடை வாங்கிக் குடுத்தேன்."

மேஸ்திரி ஒன்றும் பேசாமல் ஏறி என் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார். பாம் என்றது. வலது பக்கம் திருப்பினார். பாம், பாம். உள்ளே ஹாரன் ஒயர் எங்கேயோ உரசி ஷார்ட் ஆகிறதாம். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள்.

"புரோக்கர் ஒண்ணாவது நெசம் சொல்லியிருக்காருங்க" என்றார் மேஸ்திரி.