மேல் வீடு வாடகைக்கு

கண்டியில் உங்களை யாராவது "வீட்டுக்கார ஐயா" என்று குழைந்து கூப்பிட்டால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மேல்மாடியில் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம். எனக்கு இந்த மரியாதை தினமும் கிடைக்கிறது. பல் விளக்கும்போது கிடைக்கும், இல்லாவிட்டால் சாயங்காலத் தேத்தண்ணியை வாயருகே கொண்டுபோகும்போது கிடைக்கும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான். லண்டன் விலை கட்டுப்படியாகாமல் வடக்கே எங்கேயோ மலிவான ஊரில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். வாங்கினதோடு சரி, அந்தப் பக்கமே போனதில்லை. எல்லாவற்றையும் ஏஜன்ட் பார்த்துக்கொள்ள, மாதம் பிறந்தால் பணம் வங்கிக்கு வந்துவிடுகிறதாம். நான் ஓய்வுபெற்று, ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் வந்தார். "அத்தான், காசை பேங்க்ல தூங்க விடாதீங்க. மேல ஒரு வீடு கட்டி வாடகைக்கு விடுங்க."

அதோடு விட்டிருந்தாலும் தப்பியிருப்பேன். 2013ல் ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் நகரசபை பாழடைந்த வீடுகளை ஒரு பவுணுக்கு விற்ற கதையையும் சொன்னார். ஒரு பவுண் என்றால் அன்றைக்கு நம் காசில் இருநூறு ரூபாய்ப் பக்கம். இருநூறு ரூபாய்க்கு ஒரு வீடு! இராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. வாங்கியவரே அதில் குடியிருக்கவேண்டும், பழுதுபார்க்கக் கொடுத்த 30,000 பவுண் கடனையும் கட்டவேண்டும் என்ற விவரங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தன. அதற்குள் மேசன் பாஸுக்கு முற்பணம் போய்விட்டது.

2021 நடுவில் வேலை தொடங்கியபோது 50 கிலோ சீமெந்து மூட்டை ஆயிரத்துச் சொச்சம். தூண் எழும்பி, கம்பி கட்டும் கட்டம் வந்ததும் நாட்டில் டொலர் தீர்ந்துபோனது. 2022ல் அதே மூட்டை மூவாயிரம் ரூபாய்க்கு ஏறியது. ஏப்ரல் மாதம் அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கையை விரித்தது. நானும் அதே வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன், மேசன் பாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் வங்கிகள் நிலையான வைப்புக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி கொடுத்தன. என் காசு மட்டும், மச்சான் ஆசைப்பட்டபடியே, பேங்கில் தூங்காமல் என் தலைக்கு மேலே கொங்கிரீட்டாக விழித்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவர்கள் கம்பஸ் பையன்கள். எங்கள் பக்கத்துப் பேராதனைக்குப் பல்கலைக்கழகம் வந்தது 1952ல். அன்று தொடங்கி, விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பெனிதெனிய, ஹிந்தகல, கெட்டம்பே என்று போடிங் தேடி அலைவதும், அந்த வாடகையில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தலையெடுப்பதும் நடக்கிறது. நமக்கும் ஒரு பங்கு வரட்டும் என்று மட்டக்களப்பிலிருந்து வந்த பொறியியல் மாணவர்களை வைத்தேன். தங்கமான பிள்ளைகள். வேலைநிறுத்தம் என்று கம்பஸை மூடினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். "அங்கிள், கம்பஸ் திறந்ததும் தாறம்." திறக்கும். அதற்குள் பரீட்சை வந்துவிடும். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளிடம் காசு கேட்கலாமா? கேட்கக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். பஸ்ஸில் சாப்பிட ஆளுக்கொரு சோற்றுப் பார்சலும் கட்டிக்கொடுத்தாள். வாடகை பாக்கியில் அந்தப் பார்சல்களையும் சேர்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இனிமேல் குடும்பஸ்தர்தான் என்று முடிவு செய்தபோது, கோட்டில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை எடுத்துப் போட்டார். எனக்கு அந்தச் சட்டம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெரியப்பா ஒருவர் திருகோணமலை வீதியில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவர் பழைய வாடகையை நகரசபையில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டுவார். வீட்டைக் கேட்டால் சட்டத்தைக் காட்டுவார். வாடகைச் சட்டம் வந்த அடுத்த வருடமே, ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்புச் சட்டமும் வந்துவிட்டது. பெரியப்பா கண்ணை மூடும்வரை தன் சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுத்தான் நுழைந்தார். வாடகைச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, பிறகு எத்தனையோ திருத்தம் வந்தாயிற்று என்று நண்பர் தைரியம் சொன்னார். சட்டத்துக்கு வந்த திருத்தம் எங்கள் குடும்பப் பயத்துக்கு இன்னும் வரவில்லை.

குடும்பஸ்தர் வந்தார். நல்ல மனிதர், அதுதான் தொந்தரவே. சண்டை போடவும் வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். தனி மீட்டர் எடுக்கவேண்டும் என்று வீடு கட்டும்போதிருந்தே நான் நினைத்துக்கொண்டிருக்க, மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66. யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற கணக்கு அது. இரண்டு குடும்பத்து யூனிட்டும் ஒரே பில்லில் விழுந்தால் உச்சிப்படிக்கே போய்விடும். நானும் மனைவியும் கீழே ஒற்றை பல்பில் உட்கார்ந்திருப்போம். மேலே கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். கேட்கப் படியேறினால், "ஐயா, இருட்டில படியேறாதீங்க, விழுந்திடுவீங்க" என்று படிக்கட்டு விளக்கையும் போடுவார்.

ஆகஸ்டில் பெரஹரா வந்தது. மாத்தளையிலும் நாவலப்பிட்டியிலும் இருந்த அவருடைய சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்கள். தொட்டி வறண்டுபோய், மகாவலியில் போய்க் குளிக்கலாமா என்று நான் யோசிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று மேலே போனேன். "வாங்க ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் பாதையோரம் இடம் பிடிச்சிருக்கோம்" என்றார். நியாயம் கேட்கப் போனவன் யானை பார்த்து, வடை தின்று, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

தொட்டி மூடியைத் திறந்து குரங்குகள் குளிக்கிற விஷயம் தனி. பேராதனைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. குரங்கு குளித்தால் குற்றம் குரங்குடையது அல்ல, வீட்டுக்காரருடையது.

சோலைவரி கட்டினேன், கூரைக்குத் தார் பூசினேன், தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தேன். 2024ல் இன்னொரு பேச்சு அடிபட்டது. சர்வதேச நாணய நிதியத்தோடு பேசி முடித்தபடி, வீட்டை வாடகைக்கு விடாமல் தானே குடியிருந்தாலும், விட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அதை வருமானமாகக் கருதி வரி போடுவார்களாம். 2025 ஏப்ரலில் வருவதாக இருந்தது. ஏப்ரல் போய்விட்டது, வரி வரவில்லை. வராத வாடகையை வந்ததாகக் கருதுவதில் எனக்குப் பல வருடப் பயிற்சி உண்டு. அதற்கு வரியும் கட்டச் சொன்னால்தான் கொஞ்சம் சிரமம்.

அதே 2025ல், காரணம் சொல்லாமல் வாடகைக்காரரை எழுப்ப முடியாதபடி இங்கிலாந்தில் சட்டம் நிறைவேறியது. மச்சான் பதறிப்போய் போன் எடுத்தார். "இனி நாங்க என்னதான் செய்றது, அத்தான்?" நான் கை நிறையக் காரணம் வைத்துக்கொண்டே எழுப்பத் தெரியாமல் இருக்கிறேன், என்னிடம் போய்க் கேட்கிறார்.

கடவுள் புண்ணியத்தில் குடும்பஸ்தருக்குப் பதுளைக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த மாதம் மேல் வீடு காலி. இரண்டு அறை, குசினி, பல்கனியில் நின்றால் ஹந்தானை மலை. மழை வடகிழக்கு மூலையில் மட்டும்தான் ஒழுகும். உங்களுக்குத் தெரிந்த நல்லவர்கள் இருந்தால் அனுப்பிவையுங்கள். ரொம்ப நல்லவர்கள் வேண்டாம். முன்பணம் மூன்று மாதம். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் ஒரு மாதத்துக்கு இறங்கிவிடுவேன். அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.