குழாய்க்கும் குளிரும்!
கன்னிவாடி சித்தப்பா பதில்கள்

இந்த வாரத் தபாலில் முக்கால்வாசி கொடைக்கானல் மலையிலிருந்து. எல்லாருக்கும் ஒரே புகார்: காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, சித்தப்பா! அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மலைக்குளிர் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மரியாதைக்காகவே பதில் சொல்கிறேன்.

கே: கன்னிவாடியில் குழாய் உறையுமா? (செம்பட்டி வாசகி)

ப: உறையாது. 19 டிகிரிக்கே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் நாங்கள்தான் உறைந்து கிடப்போம்.

கே: போனில் 4 டிகிரி என்று போட்டிருந்தது. காலையில் பார்த்தால் தோட்டத்து ஓஸ் கட்டையாகக் கிடக்கிறது. போன் பொய் சொல்லுமா? (பூம்பாறை வாசகர்)

ப: போன் சொன்னது நிற்பவரின் குளிர், உங்கள் ஓஸ் புல்லில் மல்லாந்து கிடந்தது. வானிலைக்காரர்கள் வெப்பமானியைத் தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், மரக்கூண்டுக்குள் வைப்பார்கள். காற்றில்லாத, தெளிந்த இரவில் அந்தக் கூண்டைவிடப் புல்தரை நாலைந்து டிகிரி கூடுதலாகக் குளிரும். மீதியைக் கழித்துப் பாருங்கள். பூண்டை மண்ணுக்குள் வளர்க்கத் தெரிந்த ஊர்க்காரர், ஓஸையும் மண்ணுக்குள் விடலாமே?

கே: எத்தனை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும்? (அதே பூம்பாறை வாசகர், மறுதபாலில்)

ப: ஒன்றரை அடி தாராளம். கொடைக்கானலில் மண்ணின் மேல்தோல்தான் சில்லிடும். லடாக்கில் மண்ணே ஆழம்வரை உறையும். அங்கே குழாய் பதிக்கிறவர் இடுப்பளவுக்குத் தோண்டியும் பெருமூச்சு விடுவார்.

கே: மேகமே இல்லாத ராத்திரியில்தான் உறைபனி விழுகிறது. ஏன்? (கொடைக்கானல் கல்லூரி மாணவி)

ப: முதலில் ஒரு திருத்தம். உறைபனி விழுவதில்லை, புல்லிலேயே பூக்கிறது.

பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரியில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைக் கீழே திருப்பிவிடும். இல்லையென்றால், தூங்குகிறவன் மேலிருந்து கம்பளியை உருவிய கதை. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஜிம்கானா மைதானமும் ஏரிக்கரைப் புல்லும் முதலில் வெளுப்பது அதனால்தான்.

கொடைக்கானலின் தெளிந்த வானத்தை நம்பித்தான் 1899-ல் சூரிய ஆய்வகத்தை அங்கே கொண்டுபோனார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909-ல் வானியலாளர் எவர்ஷெட் கண்டது அங்கேதான். வானம் தெளிந்தால் வானியலாளருக்கு வரம். பிளம்பருக்கு வருமானம்.

கே: என் வீட்டு அரை இஞ்சுக் குழாய் உறைகிறது, எதிரே இருக்கும் ஏரி உறையவில்லையே? (ஏரிச்சாலை வாசகர்)

ப: மதுரை கலெக்டர் வேர் லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டி உண்டாக்கிய ஏரி அது. மேல்தண்ணீர் குளிர்ந்ததும் கனத்து அடிக்குப் போகும். அடித்தண்ணீர் மேலே வரும். மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு இறங்கும்வரை இந்த இடமாற்றம் ஓயாது. அதற்குள் விடிந்துவிடும். கூட்டுக்குடும்பத்துக்குக் குளிர் உறைக்காது. உங்கள் குழாய் தனிக்குடித்தனம்.

கே: தண்ணீர் உறைந்தால் குழாய் ஏன் பிளக்கிறது? (பண்ணைக்காடு வாசகர்)

ப: பெரும்பாலான திரவங்கள் உறைந்தால் சுருங்கும். தண்ணீரோ சுமார் 9 சதவீதம் பருக்கும், கல்யாணமான மாப்பிள்ளை மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், ஐஸ் உட்கார்ந்த இடத்திலேயே பிளப்பது குறைவு. ஐஸ் வளர வளர, தனக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் சிக்கிய தண்ணீரைப் போட்டு நெருக்கும். தாங்கமாட்டாமல் எங்கோ ஓர் எல்போ விட்டுப்போகும். பிளந்த இடத்தைப் பார்த்து, 'இங்கே ஐஸே இல்லையே' என்று பிளம்பரைச் சந்தேகிக்காதீர்கள்.

கே: டல்லாஸில் இருக்கும் மகன், குழாயை ராத்திரி முழுக்கச் சொட்டவிடச் சொல்கிறான். தண்ணீர் வீண்தானே? (பெருமாள்மலை வாசகி)

ப: பையன் பட்டுத் தெரிந்துகொண்டது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸே விறைத்தபோது கரண்டும் போய், வீட்டுக்கு வீடு குழாய் பிளந்தது. வெயில் ஊர் என்று நம்பிக் கட்டிய வீடுகள். நம் கொடைக்கானல் வீடுகளுக்கு உறவுமுறை.

சொட்டவிட்டால் நெருக்கப்பட்ட தண்ணீருக்கு ஒரு வாசல் கிடைக்கும், அதுதான் சூட்சுமம். சொட்டுக்குக் கீழே ஒரு குடம் வையுங்கள் அம்மா. காலையில் காபிக்கு ஆகும்.

கே: குழாய்க்கு எதைச் சுற்றுவது? (தாண்டிக்குடி வாசகர்)

ப: இந்த மலையை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்கே போர்வை கொடுத்தவர். நீங்கள் குழாய்க்கு ஒரு சாக்கு கொடுக்க யோசிக்கிறீர்கள்!

சாக்கோ, வைக்கோலோ, ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு ஃபோமோ, எதுவும் சூடு தராது. இருக்கிற சூட்டை ஓடவிடாது, அவ்வளவுதான். சாக்கு என்றால் அதன் மேலே பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கட்டாயம் சுற்றுங்கள். நனைந்த சாக்கு போர்வை அல்ல, ஈரத்துணி.

கே: அந்தப் பேகன் மனைவியை விட்டுவிட்டுப் போனவர் இல்லையா? (தமிழாசிரியை, பழனி)

ப: ஆமாம். மனைவி கண்ணகியோடு சேர்ந்து வாழச் சொல்லிக் கபிலர், பரணர் உள்படப் புலவர்கள் பாட்டிலேயே புத்தி சொல்ல வேண்டியிருந்தது. மயிலின் குளிர் தெரிந்தவருக்கு வீட்டுக் குளிர் தெரியவில்லை.

கே: தொட்டியில் கல்லுப்பு போட்டால் உறையாதாமே?

ப: உறையாது. காபியும் இறங்காது.

கே: குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி நல்லதுதானே? (பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: தோலுக்கு ரத்தம் பாயும், கதகதப்பாகத் தெரியும், உள்சூடு வெளியே போகும். உங்களுக்கும் கசிவு நோய்தான்.

கே: குழாய் உறைந்தே போய்விட்டது. இப்போது என்ன செய்ய? (மன்னவனூர் வாசகர்)

ப: உங்கள் ஊரிலேயே பாடம் படித்தவன் நான். ஒரு தை மாதம், தோட்டத்து வீட்டில் தங்கல். காலை ஆறரை மணி. புல்லில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். கருப்பு ஓஸின் வாயில் விரல் நீளத்துக்கு ஐஸ் துருத்திக்கொண்டிருந்தது.

தோட்டக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. ஓஸை வெயில் விழும் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார். எட்டரை மணிக்கு ஓஸ் இரண்டு தடவை இருமியது. குச்சி ஐஸ் துண்டுகள் லொட லொடவென்று வாளிக்குள் விழுந்தன. பின்னாலேயே தண்ணீர்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. குளியலறைக்குப் போகும் பிவிசி குழாயின் கீழே அதற்குள் யூகலிப்டஸ் சருகைக் கொளுத்தியிருந்தேன். ஐஸ் உருகுவதற்கு முன்னால் குழாய் முருங்கைக்காய் மாதிரி வளைந்துவிட்டது. புதுக் குழாய்க்குக் காசு கொடுத்துவிட்டு மலையிறங்கினேன்.

ஆகையால்: நெருப்பு வேண்டாம், கொதிநீர் வேண்டாம். முதலில் குழாயைத் திறந்து வையுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாய் வாய்ப்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டே உள்ளே போங்கள். நடுவில் ஆரம்பித்தால், உருகியதற்கு வெளியேற வழி இருக்காது. அவசரம் இல்லை என்றால், பீடியும் வேண்டாம், சூரியன் போதும்.

கே: வெந்நீர்தான் சீக்கிரம் உறையும் என்று என் பேரன் வாதாடுகிறான். (வத்தலக்குண்டு தாத்தா)

ப: 1963-ல் தான்சானியாவில் எம்பெம்பா என்ற பள்ளிப் பையன், சூடான ஐஸ்கிரீம் கலவை முந்தி உறைவதைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டான், வகுப்பே சிரித்தது. 1969-ல் அவன் பெயரோடு கட்டுரை வந்தது. விஞ்ஞானிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பேரனிடம் கொஞ்சம் பணிந்து போங்கள்.

கே: தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்கிறார்களே, நிஜமா? (நிலக்கோட்டை வாசகர்)

ப: தரையிலும் குழாய், மச்சிலும் குழாய் ஓடும் வீட்டில் சந்தேகமே வேண்டாம். அதிலும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சோலார் ஹீட்டருக்குப் போகும் அந்த ஒன்றரை முழக் குழாய் இருக்கிறதே, நாலு பக்கமும் காற்று, மேலே வெறும் வானம். வாங்கும்போது ஹீட்டருக்கு ஆயிரமாயிரமாகக் கொடுத்தோம். அந்தக் குழாய்க்கு ஒன்றரை முழம் ஃபோம் வாங்க மனசு வரவில்லை.

கே: பொங்கலுக்கு நாலு நாள் மதுரை போகிறோம். வட்டக்கானல் வீட்டுக் குழாய்களை என்ன செய்வது? (தங்கும் விடுதி நடத்தும் தம்பதி)

ப: தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட்வால்வை மூடுங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்கள், முக்கியமாக எல்லாவற்றுக்கும் தாழ்வாக இருக்கும் தோட்டத்துக் குழாயை. காலிக் குழாயில் உறைய ஒன்றுமில்லை. கெய்சர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கேஸை மூடினோமா என்று வத்தலக்குண்டு தாண்டியதும் ஞாபகம் வந்து பதறுவீர்களே, இந்தத் தடவை கிளம்பும்போதே கேட்வால்வையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.