தோள்சாய் மரபு: ஒரு நூற்பாவும் உரையும்

நெடுந்தூரப் பேருந்தைப் பற்றிக் கட்டண உயர்வு, தீபாவளிக் கூட்டம், சில்லறைத் தகராறு என்று நிறைய எழுதிவிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் தலை நம் தோளில் வந்து விழுவதற்கு மட்டும் இலக்கணம் இல்லை. அக்குறை தீர யாமே ஒரு நூற்பா யாத்தோம். உரை எழுத ஆள் கிடைக்காமையால் உரையும் எமதே.

நகர்நீங்கு பேருந்தில் நள்ளிருள் யாமத்து
அயலார் தோள்மிசை அயரும் தலையே
தன்தோள் எனவே தாங்குதல் மரபே.

இது என் நுதலிற்றோ எனின், சென்னையிலிருந்து மதுரை செல்லும் இரவு வண்டியில், மூவர் இருக்கையில், முன்பின் அறியாதார் சாயும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று.

'நகர்நீங்கு' என்றது என்னை? நகருக்குள் யாரும் சாய்வதில்லை. "வண்டி எடுத்துட்டான்மா, கூடுவாஞ்சேரி தாண்டியாச்சு, நீ கதவைச் சாத்திட்டுப் படு" என்று ஆளுக்கொரு கைபேசியில் வீட்டுக்கு ஆணை பிறப்பித்துக்கொண்டிருப்பார்கள். பரனூர் சுங்கச்சாவடியும் பாலாற்றுப் பாலமும் கடந்தால் நடத்துநர் விளக்கை அணைக்கிறார். வெளியே வயலும் ஏரியும் ஒரே கறுப்பு. பார்க்க ஒன்றும் இல்லாத கண் தானே மூடும். மதுராந்தகத்துக்கு அந்தப்பக்கம் முதல் தலை விழும்.

கோயம்பேட்டு மரபினர் இதை மறுப்பர். தென்மாவட்ட வண்டி அங்கிருந்து கிளம்பிய காலத்தில், பெருங்களத்தூர் நெரிசலிலேயே பாதிப்பேர் சாய்ந்துவிட்டனர் என்பது அவர் கட்சி. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறந்து, வண்டி நகரத்தின் விளிம்பிலேயே புறப்படத் தொடங்கியதும் அவ்வழக்கு வீழ்ந்தது. கிளாம்பாக்கம் போய்ச் சேர்வது வேறு பயணம். அதற்குத் தனி நூல் வேண்டும்.

சாய்தற்குக் காரணம் ஆட்டம். 2011-இல் ஜெனீவாவில் 12 ஆண்களை ஆடும் கட்டிலில் பகலுறக்கம் கொள்ள வைத்து ஆராய்ந்தார்கள். ஆடாத கட்டிலில் தூங்கியதைவிட அதில் விரைவாகத் தூங்கினார்கள். நான்குவழிச் சாலையில் நம் பேருந்து செய்வதும் அதுதான். தூக்கம் ஆழ்ந்தால் கழுத்துத் தசை தளரும். ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை, பள்ளம் கண்ட நீராய்ப் பக்கத்துத் தோளுக்கு இறங்கும். ஜெனீவாக்காரர்கள் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஆய்வு பாதியில் நிற்கிறது.

'அயலார்' என்றது நடுவில் அமர்ந்தவரை. சன்னலோரத்தாருக்குக் கம்பி உண்டு, அதில் மடித்து வைக்கத் துண்டு உண்டு. ஆயினும் கம்பி இரண்டு முறை நெற்றியில் இடித்ததும் உள்ளே திரும்பிவிடுவார். மறுகோடிக்காரர் வெளிப்பக்கம் சாய்ந்தால் நடத்துநரின் பை இடிக்கும், அவரும் உள்ளேதான். நடுவர் இரு தோளையும் ஈந்து, தம் தலையை நட்டுக்குத்தலாக நிறுத்தி விழித்திருப்பார். அறியாத பெண்ணருகே ஆண் அமர நேர்ந்தால், "சார், கொஞ்சம் பின்னாடி மாறி உக்காருங்க" என்று நடத்துநரே முடித்துவிடுவதால் அது இந்நூற்பாவுக்குப் புறம்பு. 2018-இல் அரசு விரைவுப் பேருந்துக்கு வந்த படுக்கை வசதியும் புறம்பே.

'தாங்குதல்' என்றது ஏன், தள்ளலாகாதோ எனின், தள்ளலாம், யாரும் தள்ளுவதில்லை. இருமிப் பார்ப்பார்கள். சட்டைப்பையில் இல்லாத சில்லறையைத் தேடுவார்கள். தலை திடுக்கிட்டு நிமிர்ந்து, வாயைத் துடைத்து, "உளுந்தூர்பேட்டை வந்துருச்சாண்ணே?" என்று கேட்டு, பதில் வருமுன் பழைய இடத்துக்கே திரும்பும். அண்ணனாகிவிட்டபின் என்ன செய்வது? சட்டைத்தோள் நனைதலும் இதனுள் அடங்கும், உரையிற் கொள்க.

'மரபே' என்புழி ஏகாரம் தேற்றம். வெறும் ஈற்றசை என்பார் நடு இருக்கையில் ஒருநாளும் அமராதவர்.