மூணு பேரு போதுமாவே?

வாரும் வாத்தியாரு மருமவனே, திண்ணையில உக்காரும். எட்டாம் வகுப்புல முப்பது புள்ளைக இருக்க, மூணு பேரை மட்டும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைப் பரீச்சைக்கு எழுதிக் குடுத்திருக்கீராமே? "தேறுறதை மட்டும் அனுப்புவோம்"னீராம். கெட்டிக்காரருதாம்வே! தேர்ச்சி நூறு சதவீதம், பேப்பர்ல உம்ம போட்டோ. மிச்சப் புள்ளைக கைதட்டட்டும்.

இல்லாதப்பட்டவன் புள்ளைக்குன்னு வச்ச பரீச்சைய்யா அது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில படிக்கணும். வீட்டு வருமானம் வருசத்துக்கு 3.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஏழுல 55 சதவீத மார்க்கு, பட்டியல் சாதி, பழங்குடிப் புள்ளைக்கு 50. தேறினா ஒம்பதுல இருந்து பன்னெண்டு முடிய வருசத்துக்கு 12,000 ரூவா. சர்க்கார் போட்ட வேலி அம்புட்டுத்தான். அதுக்கு மேல நீரு எதுக்கு முள்ளு வைக்கீரு?

நேத்து ஆடு மேய்க்கிற வீட்டுப் புள்ளகிட்ட கேட்டேன்: "2, 6, 12, 20... அடுத்து என்ன தாயி?" கண்ணை மூடித் திறக்கங்குள்ள "முப்பது தாத்தா"ங்கா. எப்படிட்டின்னேன். "நாலு கூடுது, ஆறு கூடுது, எட்டு கூடுது. அப்ப அடுத்தது பத்துதான?" உம்ம மூணு பேர்ல அவ பேரு இல்லையே! கையெழுத்து கோணலோ?

அறிவு இருக்குவே, பழக்கம்தான் இல்ல. 90 நிமிசத்துல 90 மனத்திறன் கேள்வி, பெறவு பாடத்துல 90. ஓ.எம்.ஆர். தாள்ல வட்டத்தைக் கருக்கணும். தப்புக்கு மார்க்கைக் குறைக்கமாட்டான், தெரியாததையும் விடாமக் கருக்கிட்டு வான்னு சொல்ல ஒரு ஆளு வேணும். டவுனுப் புள்ளைக்கு டியூசன் இருக்கு. இவளுக்கு நீருதான்.

இப்ப விட்டா, பதினொண்ணுல "ஃபர்ஸ்ட் குரூப்பு உனக்குத் தாங்காதும்மா"ன்னு வேறொரு வாத்தியாரு முடிச்சிருவாரு. அரசுப் பள்ளிப் புள்ளைக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ல வந்துச்சே, உயிரியல் எடுக்காதவளுக்கு அதுல என்ன இருக்கு? ஏழாம் வகுப்புக் கணக்குல எக்ஸு, ஒய்யிக்குப் பயந்த புள்ளைக்கு அன்னைக்கு நீரு போய் சிபாரிசு பண்ணுவீராக்கும்?

கட்டணம் 50 ரூவாதான. இல்லாத புள்ளைக்கு நான் தாரேன். தகுதி உள்ள அத்தனை பேரையும் நாளைக்கே எழுதிக் குடும். சதவீதம் குறைஞ்சு மேல இருந்து கேட்டா, இந்தக் கிழவன் தொல்லைன்னு சொல்லிரும். எனக்கு மெமோ குடுக்க எந்த ஆபீசராலயும் முடியாது.